அருங்காட்சியகக் குடிலுக்கு ஆளுயர உருவங்கள்: உடம்பு, உடை இரண்டுக்கும் யோசனை வேண்டும்

கத்தரிக்கோல்:

வணக்கம். கனடாவில் ஒன்ராறியோ பக்கம் ஒரு சின்ன ஊர் அருங்காட்சியகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், தையல் முறையாகப் படித்தவள். இங்கே ஒரு நாடகக் குழுவுக்கு உடை தைத்துக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு இந்த வருஷக் கிறிஸ்துமஸ் குடிலை என் தலையில் கட்டிவிட்டார்கள். வீட்டில் வைக்கிற மண் சுரூபக் குடில் இல்லை, ஆளுயர உருவங்கள். மூடிப்போன ஒரு துணிக்கடையிலிருந்து எட்டு ஃபைபர் பொம்மைகள் அன்பளிப்பாக வந்திருக்கின்றன, ஐந்து ஆண், மூன்று பெண். அவற்றை வைத்து மரியாள், சூசையப்பர், மூன்று ஞானிகள், இரண்டு இடையர், ஒரு சம்மனசு (தேவதூதர்) என்று செய்தாக வேண்டும். குழந்தை தனி.

பொம்மைகள் எல்லாம் ஏறக்குறைய ஆறடி உயரம், ஒட்டிய வயிறு, ஒரு கை இடுப்பில், முகத்தைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ பார்க்கின்றன. எவ்வளவு துணியைச் சுற்றினாலும் மரியாள் ஆடித் தள்ளுபடி விளம்பரம் மாதிரித்தான் நிற்கிறாள். எங்கள் காப்பாட்சியர் அம்மா "உண்மையான உடை" வேண்டும் என்கிறார். முதல் நூற்றாண்டு யூதேயா உடையா, இல்லை படங்களில் பார்த்துப் பழகிய நீலமும் சிவப்புமா என்று கேட்டால் இரண்டும் கலந்து செய்யச் சொல்கிறார்.

குடிலில் ஒரு பொருள் மட்டும் நிஜமானது. இந்தப் பக்கம் முதலில் குடியேறிய விவசாயிகள் வைத்திருந்த மரத் தீவனத் தொட்டி, அருங்காட்சியகத்தின் சொந்தச் சேகரிப்பு. அதில்தான் குழந்தையை வைக்கப் போகிறோம். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் வரை காட்சி. கண்ணாடித் தடுப்பு கிடையாது, ஒரு கயிறுதான், பிள்ளைகள் கை நீட்டினால் எட்டிவிடும். பணமும் அதிகம் இல்லை. எங்கே தொடங்குவது?

போர்வைமணி:

ஆளுக்கொரு பழைய போர்வை, தலைக்கு ஒரு துண்டு, சுற்றி ஒரு கயிறு. முடிந்தது வேலை. ஐந்து வாரக் காட்சிக்கு இவ்வளவு யோசனையா?

காட்சிப்பெட்டி:

போர்வைமணி விளையாட்டாகச் சொன்னாலும் பாதி சரி. கயிற்றுக்கு வெளியே மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கு உங்கள் தையல் நேர்த்தி தெரியாது. தெரிவதெல்லாம் உருவம் எப்படி நிற்கிறது, எங்கே பார்க்கிறது என்பதுதான். அதனால் துணியைத் தொடுவதற்கு முன் உடம்பை முடித்துவிடுங்கள் அக்கா. பழைய உடைகளை நிறுத்தி வைக்க உருவம் செய்வதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைப் பொம்மை பெரும்பாலும் இடுப்பில் இரண்டாகக் கழலும், கைகளும் கழலும். மரியாளுக்கு மேல்பாதி மட்டும் போதும், கால்களைத் தூக்கி ஸ்டோர் ரூமில் வையுங்கள். ஒரு கனமான பலகையில் மரக்கட்டையை நிமிர்த்தி ஆணியடித்து, அதன் தலையில் இந்த மேல்பாதியை உட்கார வையுங்கள். 155 செ.மீ. உயரப் பெண் முழந்தாளிட்டால் உச்சந்தலை சுமார் 115 செ.மீ.யில் வரும், அதுதான் உங்கள் அளவு. பொம்மையின் மேல்பாதி அதற்கு நீளமாக இருக்கும், அந்த மிச்சத்தைத் தொடையில் திருடிவிடுங்கள், அங்கிக்குள் யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்? முக்கியமானது கட்டையைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்ப்பது. நேராக முழந்தாளிட்ட உருவம் விறைப்பாகத் தெரியும், பத்துப் பதினைந்து டிகிரி சாய்த்தால் தொட்டியைப் பார்க்கிற தாய் ஆகிவிடும். சாய்த்தால் குப்புற விழும், அதனால் பலகையின் பின்பக்கம் மணல் மூட்டை வையுங்கள். அந்தப் பின்பக்கத்திலேயே பாலித்தீன் ஃபோம் பலகையை ரொட்டிக் கத்தியால் செதுக்கிக் கெண்டைக்காலும் பாதமும் கிடப்பதுபோல ஒரு மேடு செய்துகொள்ளுங்கள். அந்த மேடு இல்லாவிட்டால் துணி இடுப்பிலிருந்து நேராகத் தரைக்கு விழும், முழந்தாளிட்டது தெரியாமல் கால் இல்லாதவர் மாதிரி ஆகிவிடும்.

தலை குனிய வேண்டுமென்றால் கழுத்தின் முன்பக்கம் ஆப்பு வடிவில் ஒரு துண்டை அறுத்து எடுத்துவிட்டு, தலையை முன்னுக்கு மடக்கி எபாக்ஸி போட்டு ஒட்டுங்கள். ஃபைபரை அறுக்கும்போது வரும் தூசு நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. வெளியே வைத்து, முகமூடியும் கண்ணாடியும் கையுறையும் போட்டு, ஈரப்படுத்திக்கொண்டே அறுக்க வேண்டும்.

முகத்தில் இருக்கிற கண்மையையும் உதட்டுச் சாயத்தையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, எட்டுப் பேருக்கும் ஒரே பளபளப்பில்லாத நிறம் அடியுங்கள். வெள்ளை வேண்டாம், பேய் வீடு ஆகிவிடும். மண் நிறத்துக்கும் சாம்பல் நிறத்துக்கும் நடுவில் ஏதாவது. எல்லோருக்கும் ஒரே நிறம் என்றால் இது முகம் இல்லை, முகத்துக்குப் பதில் வைத்தது என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். கண் எழுதப் போனால் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் மாறுகண் ஆகிவிடும்.

கைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். நகப்பூச்சு போட்ட ஒல்லி விரலை வைத்துக்கொண்டு சூசையப்பரைத் தச்சர் என்றால் யார் நம்புவார்? பல் மருத்துவர்கள் அச்சு எடுக்கிற ஆல்ஜினேட் பொடி மலிவாகக் கிடைக்கும். உங்கள் தன்னார்வலர்களில் பண்ணை வேலை செய்த ஒரு பெரியவர் இருப்பார். ஒரு தடியைப் பிடித்த மாதிரி அவர் கையை வாளிக்குள் வைக்கச் சொல்லுங்கள், ஐந்தாறு நிமிடத்தில் அச்சு இறுகிவிடும், பிறகு அதில் பிளாஸ்டர் ஊற்றுங்கள். முட்டி வீங்கிய விரல், வெடித்த நகம், தோலின் ரேகை எல்லாம் அப்படியே வரும்.

தொட்டி பற்றி எனக்குக் கவலையாக இருக்கிறது. அதில் ஆணி, ஸ்டேப்பிள் எதுவும் கூடாது. உள்ளே முதலில் பாலியெஸ்டர் ஃபிலிம் விரித்து, அதன்மேல்தான் வைக்கோல். அந்த வைக்கோலையும் பண்ணையிலிருந்து நேராகக் கொண்டுவராதீர்கள், பூச்சி சேர்ந்து வந்து சேகரிப்பில் இருக்கிற கம்பளியையும் தோலையும் தேடிப் போகும். காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்துவிட்டு எடுங்கள். குழந்தைக்குக் கனம் வேண்டுமென்று அரிசியோ பயறோ கட்டிவைக்கிற பழக்கம் உண்டு, அதுவும் பூச்சிக்கு விருந்துதான். கழுவிக் காயவைத்த கூழாங்கல்லைப் பையில் தைத்து வையுங்கள்.

கத்தரிக்கோல்:

கழுத்தை அறுக்கிற யோசனையைச் சொன்னதும் காப்பாட்சியர் அம்மா ஒரு நிமிடம் பேசவில்லை, அப்புறம் சரி என்றார். கை அச்சுக்கு ஆள் கிடைத்துவிட்டார், வாழ்நாளெல்லாம் பால் கறந்த மனிதர். இனி உடை. யாராவது சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:

முதல் நூற்றாண்டு என்று முடிவு செய்தால் உங்களுக்குத் தையல் வேலை கிட்டத்தட்ட இல்லை, நெசவும் மடிப்பும்தான். யூதேயப் பாலைவனத்தில் காய்ந்த குகைகளில் நிஜத் துணிகளே கிடைத்திருக்கின்றன. சாக்கடலோரக் குகை ஒன்றில் 1960, 61ஆம் ஆண்டுகளில் தொல்லியல் ஆய்வாளர் யிகேல் யாதீன் தோண்டியபோது கிடைத்தவை கி.பி. 132 முதல் 135 வரை ரோமருக்கு எதிராக நடந்த கிளர்ச்சியில் ஒளிந்திருந்தவர்களுடையவை. அவரே பிறகு மசாதாக் கோட்டையில் எடுத்தவை அதற்கும் அறுபது வருஷம் முந்தியவை. பெரும்பாலும் கம்பளி.

ஆணோ பெண்ணோ, உள்ளங்கி ஒன்றுதான். இரண்டு செவ்வகத் துண்டுகளைத் தோளில் சேர்த்து, தலைக்கு இடம் விட்டு, பக்கவாட்டில் மூட வேண்டும். தனியாகக் கை வெட்டித் தைப்பதில்லை, துணியின் அகலமே தோளைத் தாண்டித் தொங்கி அரைக்கை ஆகிவிடும். இரண்டு தோளிலிருந்தும் முன்னும் பின்னும் செங்குத்தாக ஒவ்வொரு வண்ணக்கோடு இறங்கும். அந்தக் கோட்டை மட்டும் மறக்காதீர்கள், முதல் நூற்றாண்டைப் பார்த்தவுடனே காட்டுகிற அடையாளம் அதுதான். இடுப்பில் ஒரு கச்சை. மேலே போர்வை, அதுவும் வெட்டாத செவ்வகம், இரண்டரை மீட்டர் நீளமாவது வேண்டும். சேலை கட்டிப் பழகிய கைக்கு இதைத் தோளில் போட்டு மடிப்பு நிறுத்துவது பெரிய காரியமில்லை. பெண்கள் போர்வையின் மூலைகளில் கிரேக்கக் காமா எழுத்து வடிவில், அதாவது இரண்டு கோடுகள் ஒரு மூலையில் சேர்வதுபோல, வண்ணப் பட்டை நெய்திருக்கிறார்கள். ஆண்கள் போர்வையில் முனை பிளந்த நேர்ப்பட்டை. சூசையப்பர் யூதர் என்பதால் போர்வையின் நான்கு மூலையிலும் குஞ்சம், ஒவ்வொன்றிலும் ஒரு நீல நூல். எண்ணாகமம் 15ஆம் அதிகாரத்தில் அந்தக் கட்டளை இருக்கிறது. கம்பளியையும் லினனையும் ஒன்றாகக் கலந்து உடுத்தக் கூடாது என்பது உபாகமம் 22. உங்கள் காப்பாட்சியர் உண்மை உண்மை என்றால் இதையும் பார்க்கத்தான் வேண்டும்.

நிறம் என்றால் சாயம் போடாத கம்பளியின் வெள்ளை, பழுப்பு, அப்புறம் மஞ்சிட்டி வகைச் செடியின் சிவப்பு, அவுரி நீலம். ஏழைகள் மொட்டை நிறத்தில்தான் திரிந்தார்கள் என்று நினைக்க வேண்டாம், குகையில் கிடைத்த துணிகளில் நல்ல வண்ணங்கள் இருக்கின்றன. ஜரிகை, வெல்வெட், பாலியெஸ்டர் சாட்டின் எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். போர்வைமணி சொன்ன துண்டும் கயிறும் பிற்கால அரபு நாடோடிகள் உடையிலிருந்து வந்தது, பள்ளிக்கூட நாடகத்தில் இடையர் ஆனவர்கள் எல்லோரும் அதைத்தான் கட்டியிருப்போம்.

ஞானிகளுக்குக் கிரீடம் வேண்டாம். மத்தேயு தன் சுவிசேஷத்தில் அவர்களை ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை, மூன்று பேர் என்றும் சொல்லவில்லை. காணிக்கை மூன்று, அதிலிருந்து ஆளும் மூன்று ஆகிவிட்டது. பழைய கிறிஸ்தவ ஓவியங்களில் அவர்கள் பாரசீகர். இத்தாலியில் ராவென்னா நகரத்தின் சான்ட் அப்போலினாரே நுவோவோ ஆலயத்தில் 6ஆம் நூற்றாண்டு மொசைக் ஒன்று இருக்கிறது. அதில் மூவரும் நுனி முன்னால் மடிந்த சிவப்புக் குல்லா, பூவேலை செய்த இறுக்கமான கால்சட்டை, முழங்காலுக்கு மேலே நிற்கிற அங்கி, பின்னால் பறக்கிற மேல்துணி என்று ஓடி வருகிறார்கள். ஒருவர் வெள்ளைத்தாடி, ஒருவர் கருந்தாடி, ஒருவர் தாடியே இல்லாத வாலிபன். உங்கள் ஒல்லியான கடைப் பொம்மைகளுக்கு இந்தக் கால்சட்டை கச்சிதமாகப் பொருந்தும்.

பலெர்மோவாசி:

அக்கா, நான் யாழ்ப்பாணம், இப்போது சிசிலியில் பலெர்மோவில் இருக்கிறேன். ஏட்டுச்சுவடி அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆனால் குடில் என்பது ஒருநாளும் முதல் நூற்றாண்டைக் காட்டுவதற்காக வைத்தது இல்லை. இத்தாலியின் நாப்போலியில் (நேப்பிள்ஸ்) சான் மார்த்தீனோ அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள். மிக்கேலே குச்சினியெல்லோ என்பவர் தன்னுடைய சேகரிப்பைக் கொடுத்து 1879இல் திறந்த பெரிய குடில் அங்கே இருக்கிறது. குழந்தை பிறந்தது ஒரு இடிந்த ரோமக் கோயிலில், சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் 18ஆம் நூற்றாண்டு நாப்போலிச் சனம். மீன் விற்கிறவர், சாராயக்கடைக்காரர், பிச்சைக்காரர், கழலை வீங்கின கழுத்தோடு ஒரு கிழவி என்று. ஞானிகளோடு வருகிற கூட்டம் துருக்கி உடுப்பில் வாத்தியம் வாசித்துக்கொண்டு வரும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுகிற சம்மனசுகளும் இந்த நாப்போலி வேலைதான், லொரெட்டா ஹைன்ஸ் ஹாவர்ட் என்ற அம்மா 1964இலிருந்து கொடுத்த சேகரிப்பு.

உங்களுக்கு இதில் பயன்படுவது அந்த உருவம் செய்கிற முறை. தலை சுட்ட மண், கண் கண்ணாடி, கையும் காலும் மரம். நடுவில் உடம்பு என்று ஒன்றுமே இல்லை, இரும்புக் கம்பியைச் சுற்றிச் சணல் நாரைக் கட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். அதனால் எந்தப் பக்கமும் வளைக்கலாம், குனிய வைக்கலாம், கையைத் தூக்க வைக்கலாம். உயரம் ஒன்றேகால் அடி வரும். உடுப்பை உருவத்தின் மேலேயே வைத்துத் தைத்துவிடுவார்கள், கழற்றிப் போடுகிற உடுப்பு இல்லை. கசெர்த்தாவுக்குப் பக்கத்தில் சான் லேவுச்சோவில் அரசர் வைத்திருந்த பட்டாலையின் துணியைப் பயன்படுத்தினார்கள், அதற்கு முன்பே நாப்போலி அரசர் கார்லோவின் மனைவி மரியா அமாலியாவே தோழிகளோடு இருந்து தைத்தார் என்று சொல்வார்கள். அந்தப் பட்டில் பூ எவ்வளவு சின்னது என்று பார்க்க வேண்டும். சின்ன உருவத்துக்குப் பெரிய பூப்போட்டால் உடுப்பு வேடமாகிவிடும்.

ஆளுயரம்தான் வேண்டுமென்றால் இத்தாலியின் வடக்கே வராலோ மலையில் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கின சிற்றாலயங்கள் இருக்கின்றன. கவுதென்சியோ ஃபெர்ராரி செய்த ஆளுயரச் சுட்டமண் உருவங்கள், பின்னால் அதே ஆட்கள் சுவரோவியத்தில் தொடர்வார்கள், எங்கே சிலை முடிகிறது, எங்கே ஓவியம் தொடங்குகிறது என்று சட்டென்று பிடிபடாது. எட்டுப் பொம்மைதான் இருக்கிறது என்று கவலைப்படுகிறீர்களே, மிச்சக் கூட்டத்தைப் பின்சுவரில் வரைந்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் இடையர் இரண்டு பேரையும் உங்கள் ஊரில் முதலில் குடியேறின விவசாயிகள் உடுப்பில் நிறுத்துங்கள். தொட்டி அவர்களுடையது தானே? நாப்போலிக்காரன் செய்ததும் அதைத்தான்.

ஏட்டுச்சுவடி:

தம்பி, அது தேவாலயத்துக்குப் பொருந்தும். அருங்காட்சியகத்துக்கு வருகிற பிள்ளை, பார்த்ததை வரலாறு என்று நம்பும். மரியாளின் நீலம் முதல் நூற்றாண்டிலிருந்து வந்தது இல்லை. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த நீலக்கல்லை அரைத்துச் செய்த அந்தச் சாயம் ஐரோப்பாவில் தங்கத்துக்கு நிகரான விலை, அதனால் மாதாவுக்கு என்று ஒதுக்கினார்கள். அதை யூதேயா என்று காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பலெர்மோவாசி:

அப்படியென்றால் மாடும் கழுதையும் சுவிசேஷத்தில் இல்லை, அதையும் எடுத்துவிடலாமா அண்ணா? பிள்ளைகள் முதலில் தேடுவது கழுதையைத்தான்.

காட்சிப்பெட்டி:

இரண்டு பேரும் சொல்வதைக் கலக்காமல் இருந்தால் போதும். கலந்தால்தான் குழப்பம். எந்த உருவம் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று விளக்க அட்டையில் இரண்டு வரி எழுதிவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

கத்தரிக்கோல்:

நேற்று காப்பாட்சியர் அம்மாவோடு உட்கார்ந்து முடிவு செய்தாயிற்று. மரியாளும் சூசையப்பரும் குகைத் துணிகளைப் பார்த்துச் செய்யப் போகிறேன், கம்பளிதான், தோள்கோட்டோடு. மரியாளின் போர்வைக்கு அவுரி நீலமே போடுகிறேன், ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன சாயங்களிலேயே அது இருக்கிறது, பார்க்கிறவர்களுக்கும் மாதா என்று தெரியும். ஞானிகள் ராவென்னாக் குல்லாவில். இடையர் இரண்டு பேர் மட்டும் இந்த ஊர் விவசாயி உடையில், அதற்குச் சேகரிப்பில் பழைய புகைப்படங்கள் இருக்கின்றன, பழைய உடையைத் தொடாமல் அதைப் பார்த்துப் புதிதாகத் தைத்துக்கொள்வேன்.

இன்னொரு யோசனையும் வந்தது. மத்தேயுவில் ஞானிகள் வந்தது ஒரு வீட்டுக்கு, இடையர் வந்த அதே ராத்திரி இல்லை. அதனால் மூவரையும் முதலில் வாசல் கூடத்தில் நிறுத்திவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஜனவரி 6 அன்றுதான் குடிலுக்குள் கொண்டுவரப் போகிறோம். எங்கள் ஊர்க் கோயில்களிலும் ராஜாக்களைக் கடைசியில் தானே வைப்பார்கள். அடியில் சக்கரம் வைத்த பலகை தேவைப்படும்.

குழந்தைக்குக் கடைப் பொம்மை வேண்டாம் என்று விட்டுவிட்டேன், எல்லாமே நீலக் கண்ணைத் திறந்துகொண்டு சிரிக்கின்றன. லூக்கா துணிகளில் சுற்றியதாகத்தானே சொல்கிறார், நான்கு விரல் அகல லினன் பட்டையால் கழுத்துவரை சுற்றிவிட்டால் கண்மூடிய ஒரு முகம் மட்டும் காகிதக்கூழில் செய்தால் போதும்.

மிச்சம் சம்மனசு. தொங்கவிடவா, நிறுத்தவா? அப்புறம் கம்பளி புதிதாக மொடமொடவென்று இருக்கிறது, இடையரின் உடை கடையிலிருந்து நேற்று வாங்கியதுபோல் இருக்கிறதே.

காட்சிப்பெட்டி:

முதலில் பழசாக்குவது. நன்றாகத் துவைத்து, ஈரத்தோடு உருவத்தின் மேல் போட்டு, மடிப்புகளைக் கையால் பிடித்துவிட்டுக் காயவிடுங்கள், கம்பளி அப்படியே நின்றுவிடும். பிறகு முழங்கை, முழங்கால், கழுத்து விளிம்பு, கீழ் ஓரம் இந்த இடங்களை மட்டும் உப்புத்தாளாலும் காரட் துருவியாலும் தேயுங்கள். எங்கே உடம்பு உரசுமோ அங்கேதான் துணி தேயும், எல்லா இடத்திலும் தேய்த்தால் அழுக்காகத் தெரியும், பழசாகத் தெரியாது. டீத்தூள் தண்ணீரில் முக்குவது நாடக மேடைக்குச் சரி, சேகரிப்புப் பொருள் அருகில் வைக்கிற துணிக்கு வேண்டாம்.

சம்மனசைத் தொங்கவிட நினைத்தால் முழுப் பொம்மையை ஏற்றாதீர்கள், கனம். மேல்பாதியும் ஒரு கம்பிச் சட்டமும் போதும், காலுக்குப் பதில் துணிதான் பின்னால் பறக்கப் போகிறது. கீழ் ஓரத்தை மடித்து அடிக்கும்போது உள்ளே வளைகிற அலுமினியக் கம்பியை ஓடவிடுங்கள், பிறகு காற்றில் அலையும் மாதிரி ஓரத்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளைத்து நிறுத்தலாம். இரண்டு இடத்தில் எஃகுக் கேபிள், அவற்றைத் தவிர தனியாக ஒரு பாதுகாப்புக் கேபிள். கூரையில் எங்கே மாட்டலாம் என்பதைக் கட்டடம் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும், நீங்களோ நானோ இல்லை.

பலெர்மோவாசி:

சம்மனசின் முகத்தை நேராக வைக்காதீர்கள் அக்கா, கீழே தொட்டியைப் பார்க்கிற மாதிரிக் கழுத்தை அறுத்துக்கொள்ளுங்கள். நாப்போலியில் எந்தச் சம்மனசும் சனத்தைப் பார்க்காது.

போர்வைமணி:

சரி, என் போர்வை யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கழுதைக்கு யார் கழுத்தை அறுக்கப் போகிறார்கள்?

கத்தரிக்கோல்:

கழுதையை ஒட்டுப்பலகையில் வரைந்து வெட்டிப் பின்சுவரோடு நிறுத்துகிறேன், வராலோ யோசனைதான். நீங்கள் வந்தால் வண்ணம் அடிக்கத் தரலாம்.

காட்சிப்பெட்டி:

கடைசியாக ஒன்று. வைக்கோல், கம்பளி, ஒட்டுப்பலகை எல்லாம் ஒரே மூலையில் சேர்கிறது. காட்சி திறப்பதற்கு முன் தீயணைப்புத் துறையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள், வைக்கோலுக்குத் தீத்தடுப்பு மருந்து அடிக்கச் சொல்வார்கள். தொட்டிக்குள் போகிற வைக்கோலில் மட்டும் அதை நேராக அடிக்க வேண்டாம், முன்னதாகவே வெளியே அடித்துக் காயவைத்து, அப்புறம் ஃபிலிம் மேல் பரப்புங்கள். விளக்கு எல்இடி மட்டும்.